வெளிநாட்டில் சின்ன உடைக்கடைகளைத் தேடிப் பிடிப்பது எப்படி? மலையிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். நானே வெட்டித் தைத்த குர்த்தி, ஜாக்கெட் கொஞ்சம் ஓரமாக விற்பனைக்கும் தொங்கும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் சிங்கப்பூர், மெல்போர்ன், லண்டன் என்று போய்விட்ட வீடுகள் நிறைய. அவர்களைப் பார்க்கப் போகிற பெற்றோர், கம்பெனி வேலையாகப் போகிற பிள்ளைகள், புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடிகள் எல்லாரும் கிளம்புவதற்கு முன்னால், "அங்கே மாலில் கிடைக்காத நல்ல உடை எங்கேக்கா கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தனிக்கடைகளைத் தேடுங்கள் என்பதுதான் என் பதில். வந்த பிறகு வாங்கியதைப் பிரித்துச் சரிசெய்ய என் மேசையில்தான் போடுவார்கள். அதனால் வெளிநாட்டுக் கடைகளை நேரில் பார்த்தது ஒரு பக்கம் இருக்க, அங்கே தைத்த உடைகளின் உள்பக்கத்தை நிறையவே பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதில் இங்கே.

தனிக்கடை என்று எதைச் சொல்கிறீர்கள்? மாலுக்கு வெளியே இருந்தால் போதுமா?

போதாது. என்ன துணி, என்ன வெட்டு, எத்தனை உருப்படி என்று முடிவெடுக்கிறவரும் கல்லாவில் நிற்கிறவரும் ஒரே ஆளாகவோ, ஒரே குடும்பமாகவோ, இரண்டு மூன்று சிநேகிதர்களாகவோ இருக்கிற கடையைத்தான் சொல்கிறேன். "இந்த ஸ்லீவ் ஏன் இவ்வளவு கீழே இறங்குது?" என்று கேட்டால் அங்கே பதில் கிடைக்கும். பெரிய சங்கிலிக் கடையில் நிற்கும் பிள்ளைக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தானே தைக்காமல், வேறு சின்ன வடிவமைப்பாளர்களின் உடையைத் தேர்ந்தெடுத்து விற்கிற கடைகளும் உண்டு, அவையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

புது ஊரில் இறங்கினால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

நம்மைவிட இது யாருக்கும் நன்றாகத் தெரியாது என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் நாம் சுற்றுலா ஊர்க்காரர்கள். ஊட்டியில் போட் ஹவுஸ் பக்கம், கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி வரிசையாகத் தொங்கும் ஸ்வெட்டர்களை வெளியூர்க்காரர்கள் "மலையில் பின்னியது" என்று ஆசையாக வாங்கிப் போகிறார்கள், ஆனால் அதில் பெரும்பங்கு பஞ்சாபின் லூதியானாவிலிருந்து மூட்டையாக வந்து இறங்கியது என்பது நமக்குத் தெரியும். நமக்கு ஒன்று வேண்டுமென்றால் நாம் அந்த வரிசைக்குப் போவதில்லை, உள்தெருவில் தெரிந்த கடைக்குப் போகிறோம். எந்த நாட்டிலும் இதே அமைப்புதான். பஸ் நிறைய ஆள் வந்து இறங்கும் இடத்தில் வாடகை ஏறிக்கொண்டே போகும், அந்த வாடகையைக் கட்ட வேண்டுமென்றால் எல்லாருக்கும் பிடிக்கிற சரக்கை வேகமாக விற்றாக வேண்டும், மாதத்துக்கு முப்பது நாற்பது உருப்படி தைக்கிற ஆள் அங்கே கடை போட முடியாது. அவர் அடுத்த தெருவுக்கோ, மாடிக்கோ, பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்கோ போய்விடுவார். முதல் நாள் பெரிய தெருவைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் அதற்கு இணையாக ஓடும் இரண்டாவது மூன்றாவது தெருவில் நடங்கள், கண்ணைக் கொஞ்சம் மேலேயும் வையுங்கள். டோக்கியோ, ஹாங்காங், சியோல் மாதிரி இடம் நெருக்கடியான ஊர்களில் நல்ல கடைகள் இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் இருக்கும், வாசலில் ஒரு சின்னப் பலகை மட்டும்தான் தெரியும்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. போகிற ஊரைச் சேர்ந்த ஒரே ஒரு வடிவமைப்பாளரை இன்ஸ்டாகிராமில் பிடித்துவிடுங்கள். அவருடைய இணையதளத்தில் "எந்தெந்தக் கடைகளில் கிடைக்கும்" என்று பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் இருக்கிற கடை ஒவ்வொன்றிலும் அவரைப் போன்ற இன்னும் பத்து பேருடைய சரக்கு தொங்கும். "பத்துச் சிறந்த கடைகள்" என்று வரும் கட்டுரைகளைவிட எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அந்தக் கட்டுரைகள் பழசாகிவிடும், சின்னக் கடைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், பிடித்த கடை ஒன்றில் நுழைந்துவிட்டால் அவரிடமே கேளுங்கள்: "நீங்கள் உங்களுக்கு உடை எங்கே வாங்குவீர்கள்?" இந்த ஒரு கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள், சிலர் காகிதத்தில் வழியே வரைந்து கொடுப்பார்கள். தொழிலில் இருக்கிறவருக்கு நல்ல கை எது என்று தெரியும்.

ஊர் வாரியாகச் சொல்ல முடியுமா?

எல்லா ஊரையும் முடியாது. நம்மவர்கள் அதிகம் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் எல்லாரும் ஹாஜி லேன் என்பார்கள். சுல்தான் மசூதிக்குப் பக்கத்தில், பூகிஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பழைய கடைவீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒடுக்கமான சந்து. போகலாம், ஆனால் இப்போது அங்கே புகைப்படம் எடுக்க வரும் கூட்டமும் கஃபேக்களும்தான் அதிகம், உடைக்கடை கொஞ்சம்தான். உள்ளூர் வடிவமைப்பாளர்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆர்ச்சர்ட் ரோட்டில் 2019-இல் திறந்த டிசைன் ஆர்ச்சர்ட் வசதி. யாருடைய கை உங்களுக்குப் பிடிக்கிறது என்று அங்கே பார்த்துவிட்டு, அவரவர் சொந்தக் கடையைத் தேடிப் போகலாம்.

பாங்காக்கில் சனி ஞாயிறு இருந்தால் சதுசக் சந்தையை விடாதீர்கள். கம்பேங் பெட் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே ஏறினால் சந்தைக்குள்ளேயே இருப்பீர்கள். ஆயிரக்கணக்கான கடை என்பதால் தலை சுற்றும், எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். இளம் வடிவமைப்பாளர்களின் கடைகள் 2, 3, 4 எண் போட்ட பகுதிகளில்தான் கூடியிருக்கும், அங்கிருந்து ஆரம்பியுங்கள். காலையில் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அந்த வெக்கை நமக்குத் தாங்காது.

கொழும்பை நம்மவர்கள் ஏன் இவ்வளவு குறைவாக நினைக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. காலி வீதியில் (Galle Road) பேர்ஃபூட் என்ற கடை இருக்கிறது, பார்பரா சன்சோனி என்ற ஓவியர் 1960-களில் கிராமத்துப் பெண்களின் கைத்தறி நெசவை வைத்து ஆரம்பித்தது. அங்கே நிறங்களைச் சேர்த்திருக்கிற விதத்தைப் பார்ப்பதற்காகவே போகலாம், பளிச்சென்ற மஞ்சளுக்குப் பக்கத்தில் ரோஸும் அதற்குப் பக்கத்தில் கருநீலமும் வைத்து அது கண்ணைக் குத்தாமல் நிற்கிறது என்றால் அதற்குப் பின்னால் எத்தனை வருஷப் பழக்கம் இருக்க வேண்டும்! இன்று அது பெரிய பெயர்தான், இருந்தாலும் அந்த வழியில் வந்த சின்னச் சின்னக் கைத்தறிக் கடைகளை கொழும்பிலும் காலி என்ற ஊரின் கோட்டைக்குள்ளேயும் பார்க்கலாம். பல கடைகளில் தமிழிலேயே பேசி விவரம் கேட்கலாம் என்பது பெரிய சௌகரியம்.

மெல்போர்னில் ஃபிட்ஸ்ராய் பகுதியில் கெர்ட்ரூட் ஸ்ட்ரீட், பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் இரண்டிலும் நடங்கள், வார இறுதியில் ரோஸ் ஸ்ட்ரீட்டில் கைவினைஞர் சந்தை இருக்கும். நகரத்தின் நடுவில் ஸ்வான்ஸ்டன் ஸ்ட்ரீட்டில் நிக்கோலஸ் பில்டிங் என்று 1926-இல் கட்டிய ஒரு பழைய கட்டடம், அதன் மாடிகளில் பட்டன் விற்கிறவர், தொப்பி செய்கிறவர், உடை தைக்கிறவர் என்று அறை அறையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தையல் தெரிந்தவர் போனால் வெளியே வர மனசு வராது.

பாரீஸில் மரே பகுதி, அதிலும் அதன் வடக்குப் பாதி. லண்டனில் ஞாயிற்றுக்கிழமை பிரிக் லேன், அதையொட்டிய ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ். டோக்கியோவில் புது உடைக்கு டைகன்யாமா, பழைய உடைக்கு ஷிமோகிதசாவாவும் கோயென்ஜியும். பினாங்கு போனால் ஜார்ஜ் டவுனில் ஹின் பஸ் டிப்போவின் ஞாயிறு சந்தை.

எந்த நாள், எந்த நேரம் போவது நல்லது?

காலை ஒன்பது மணிக்கு யாரும் திறக்கமாட்டார்கள். பதினொன்று, பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பல ஐரோப்பிய ஊர்களில் சின்னக் கடைக்கு விடுமுறை. ஜெர்மனியில் ஞாயிறு கடை அடைப்பு சட்டமே. பாரீஸில் ஆகஸ்ட் மாதம் முதலாளிகளே விடுமுறைக்குப் போய்விடுவார்கள், கதவில் காகிதம் ஒட்டியிருக்கும். அதே பாரீஸில் தள்ளுபடிக் காலம் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும், நான்கு நான்கு வாரம் என்று அரசாங்கமே தேதி குறிக்கும், சின்னக் கடைகளும் அப்போது விலை குறைப்பார்கள். கூட்டம் இல்லாத வேலைநாள் மதியம் போனால் கடைக்காரர் உட்கார்ந்து பேசுவார், சனிக்கிழமை சாயங்காலம் போனால் பேச நேரம் இருக்காது.

மொத்தச் சந்தையில் வாங்கி, தன் லேபிளை ஒட்டி விற்கிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான்.

உடையை உள்பக்கம் திருப்புங்கள். கூச்சப்படாதீர்கள், உண்மையாகத் தைக்கிறவர் அதைப் பார்த்து சந்தோஷப்படுவார். முதலில் பக்கத் தையல். ஓரத்தில் ஓவர்லாக் (பிசிறு வராமல் மெஷினில் போடும் ஓரத் தையல்) மட்டும் ஓட்டி, அரை விரல் துணிகூட விடாமல் வெட்டியிருந்தால் அது ஆயிரக்கணக்கில் தைத்த சரக்கு, துணி மிச்சம் பிடிப்பதற்காக அப்படி வெட்டுவார்கள். பிசிறு தெரியாமல் மடித்து இரண்டு தடவை அடித்திருந்தாலோ, பைப்பிங் (ஓரத்தைச் சுற்றும் மெல்லிய துணிப் பட்டி) வைத்து மூடியிருந்தாலோ, அல்லது பின்னால் பிரித்துவிடுகிற மாதிரி ஒரு இஞ்ச் துணி உள்ளே விட்டிருந்தாலோ, யாரோ ஒருவர் இந்த உடை இன்னும் பத்து வருஷம் போட வேண்டும் என்று நினைத்துத் தைத்திருக்கிறார். அடுத்தது காஜா, அதாவது பட்டன் துளை. நூல் நெருக்கமாக, நடுவில் இழை தொங்காமல் இருக்க வேண்டும், பட்டனைப் பிடித்து லேசாக இழுத்தால் அடியில் நூல் கழுத்து சுற்றிக் கட்டியது தெரிய வேண்டும். கோடு போட்ட துணியோ கட்டம் போட்டதோ என்றால் பாக்கெட்டில் இருக்கும் கோடு உடம்புத் துணியின் கோட்டோடு சேருகிறதா என்று பாருங்கள். அப்படிச் சேர்த்து வெட்டினால் துணி அதிகம் செலவாகும், அவசரத்தில் தைக்கிறவர் யாரும் அதைச் செய்யமாட்டார்.

என்னிடம் ஒரு அம்மா கொண்டுவந்த லினன் சட்டை நினைவுக்கு வருகிறது. வெளியே பார்த்தால் வெறும் வெள்ளைச் சட்டை. உள்ளே கழுத்துப் பட்டிக்குக் கீழே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், பழைய பூப்போட்ட துணியில் ஒரு துண்டு வைத்துத் தைத்து, அதன் மேல் உருப்படி எண்ணைக் கையால் நூலில் போட்டிருந்தார்கள். கையை மட்டும் குறைக்கச் சொல்லித்தான் கொடுத்தார், நான் அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உடையைத் தவிர கடையையும் பாருங்கள். ஒரு மாடலில் எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை எல்லாமும் கத்தையாகத் தொங்குகிறதா, அதே உடை இரண்டு கடை தள்ளியும் தொங்குகிறதா, அப்படியானால் இரண்டும் ஒரே மொத்த வியாபாரியிடமிருந்து வந்தது. பாங்காக்கில் பிளாட்டினம் மால் மாதிரி இடங்களில் மொத்தமாக எடுத்து வந்து சில்லறைக்கு விற்கிறவர்கள் நிறைய. அதில் தப்பு எதுவும் இல்லை, அந்த விலைக்கு வாங்கினால் சரி. தனிக்கடை விலை கொடுத்து வாங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

விலை ஏன் இப்படி இருக்கிறது? பேரம் பேசலாமா?

சந்தையில் பேசலாம். தைத்தவரே நிற்கிற கடையில் பேசாதீர்கள். இருபது உருப்படிக்குத் துணி எடுத்தால் மில்காரர் இறக்கிக் கொடுக்கமாட்டார், ஒரு பேட்டர்ன் (துணி வெட்ட வைக்கும் காகித மாதிரி) வெட்டிச் சரிபார்க்க ஆகும் செலவு இருபது உடைமேல்தான் விழும், அதுவே பத்தாயிரம் உடை என்றால் ஒன்றுக்கு ஒன்றும் இல்லாமல் கரைந்துவிடும். நானும் இதே கணக்கில் வாழ்கிறவள் என்பதால் அந்த விலைச்சீட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. கையில் காசு குறைவு என்றால் ஓரத்தில் ஒரு ரேக் இருக்கும், மாதிரிக்குத் தைத்தது, சின்னக் குறை உள்ளது, போன சீசன் மிச்சம் என்று. அது எங்கே என்று கேளுங்கள், கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை.

அளவு குழப்புகிறதே?

எண்ணை நம்பாதீர்கள். சுமாராகச் சொன்னால் பெண்கள் உடையில் அமெரிக்காவின் 6, இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 10, பிரான்ஸில் 38, இத்தாலியில் 42. ஜப்பானில் "ஃப்ரீ சைஸ்" என்று போட்டது நம்மில் பலருக்குத் தோளில் பிடிக்கும். இஞ்ச் டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையின் தோள், மார்பு, இடுப்பு, நீளம் நான்கையும் சென்டிமீட்டரில் போனில் எழுதி வையுங்கள். தோள் சரியாக இருந்தால் வாங்கலாம், மற்றதை இங்கே நான் பார்த்துக்கொள்வேன். தோள் சரியில்லை என்றால் வேண்டாம், அதைப் பிரித்துத் தைப்பது புதிதாகத் தைக்கிற வேலை.

வியட்நாமில் ஹோய் ஆன் என்ற ஊரில் ஒரே நாளில் தைத்துத் தருவார்களாமே?

தருவார்கள், அதற்குப் பெயர் போன ஊர். ஆனால் ஒரே நாள் என்பதற்கு ஆசைப்படாமல் மூன்று நாள் தங்குகிற மாதிரி போங்கள், போட்டுப் பார்த்துத் திருத்த இரண்டு தடவையாவது வாய்ப்பு வேண்டும். துணியைத் தொட்டு, கசக்கி, ஒரு இழையை உருவிப் பாருங்கள். கம்பளி என்று சொல்லி பாலியஸ்டர் கலந்தது கொடுப்பது எந்த ஊரிலும் நடக்கும்.

வாங்கினால் நம் மலைக் குளிருக்கும் மழைக்கும் தாங்குமா?

மெரினோ கம்பளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், மெல்லியதாக இருக்கும், உள்ளே போட்டு மேலே எதை வேண்டுமானாலும் போடலாம். வெளிநாட்டுப் பனிக்காலக் கோட்டு நமக்கு வேண்டாம், ஊட்டியில் ஜனவரி உறைபனி காலையிலேயே அது கனம்தான், மீதி நாள் பீரோவில் தூங்கும். தடித்த டெனிமும் கனமான லினனும் மழை மாதங்களில் காய நாளாகும், பூஞ்சை வாடை பிடித்தால் போகாது. லைனிங் வைத்த ஜாக்கெட் என்றால் லைனிங் பருத்தியா என்று பாருங்கள். கம்பளியை அப்படியே மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும், வெயில் அடிக்கிற நாளில் வெளியே எடுத்துப் போட்டு உதறுங்கள்.

பழங்குடி வேலைப்பாடு, பாரம்பரிய நெசவு என்று சொல்லி விற்கிறார்களே, நம்பலாமா?

நம் வீட்டு வாசலிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் புகூர் எம்பிராய்டரிக்கு வரைபடம் கிடையாது, துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படியிருந்தும் மெஷினில் அதே மாதிரி அடித்த சால்வையைக் குறைந்த விலைக்குத் தொங்கவிடுகிறார்கள், வாங்கிப் போகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, அந்தப் பெண்களின் உழைப்புக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறது. நம்மிடம் நடப்பது பிடிக்கவில்லை என்றால் தாய்லாந்தின் மலைவாழ் மக்களிடமோ வியட்நாமின் ஹ்மாங் மக்களிடமோ நாமும் அதைச் செய்யக்கூடாது. யார் செய்தது, எந்த ஊர், எத்தனை நாள் பிடித்தது என்று கேளுங்கள். நேராக வாங்கி வருகிறவர் என்றால் பதில் உடனே வரும். பின்பக்கத்தையும் பாருங்கள்: கைவேலையில் முடிச்சும் நூல் தாண்டிப் போவதும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், மெஷின் வேலையில் ஒரே சீராக இருக்கும்.

மலைப்பாம்பு, முதலைத் தோல் பைகள் பக்கம் போகவே வேண்டாம். உரிய அனுமதிக் காகிதம் இல்லாமல் கொண்டுவந்தால் சுங்கத்தில் பறிமுதல்தான்.

கார்டா, பணமா? வரி திரும்பக் கிடைக்குமா?

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புவதற்கு முன்னாலேயே வங்கிச் செயலியில் திறந்து வையுங்கள். மெஷின் "ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயம். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விகிதத்தில் போய்விடும். சந்தைகளுக்குக் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து பல கடைகளில் நம் யுபிஐ வேலை செய்கிறது.

வரி விஷயத்தில் தனிக்கடைகளிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9%, 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாமல் வாங்கினால் விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம், ஆனால் வருஷ வியாபாரம் பத்து லட்சம் வெள்ளிக்குக் குறைந்த கடைக்கு ஜிஎஸ்டி பதிவே கட்டாயம் இல்லை என்பதால் சின்னக் கடைகள் பலவற்றில் அந்த வசதி இருக்காது. தாய்லாந்தில் ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட், ஆஸ்திரேலியாவில் ஒரே விற்பனையாளரிடம் 300 டாலர், அதுவும் கிளம்புவதற்கு முந்தைய 60 நாளுக்குள். இங்கிலாந்தில் 2021 முதல் இந்தச் சலுகையே இல்லை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள், உடையைச் சுங்கத்தில் காட்டச் சொல்லலாம், அதனால் பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

ஒரு டிசைனைப் போட்டோ எடுத்து வந்தால் தைத்துத் தருவீர்களா?

மாட்டேன். இதைக் கேட்காதவர்கள் குறைவு, நானும் மாறாமல் இதையேதான் சொல்கிறேன். ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கண்டுபிடித்த வெட்டை, உள்ளே நுழைந்து மூன்று படம் எடுத்துவிட்டு வந்து பாதி விலைக்குத் தைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. என் ரேக்கில் இருப்பதை யாராவது அப்படிச் செய்தால் எனக்கு எப்படி இருக்கும்? கடைக்குள் படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். நீங்கள் விலை கொடுத்து வாங்கிய உடை கிழிந்துவிட்டது, அதே மாதிரி உங்களுக்கு இன்னொன்று வேண்டும் என்றால் அப்போது பேசலாம், அதற்கும் முதலில் அந்தக் கடைக்கு எழுதிக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

ஊருக்கு வந்த பிறகு அதே கடையில் இன்னொன்று வாங்க முடியுமா?

பல கடைகள் அனுப்பிவைப்பார்கள், ஆனால் கூரியரில் வரும் உடைக்கு இங்கே சுங்க வரி விழும், அனுப்பும் செலவும் சேர்ந்தால் விலை கையைக் கடிக்கும். அங்கே இருக்கிற சொந்தக்காரர் விடுமுறைக்கு வரும்போது வாங்கி வரச் சொல்வதுதான் நம்மவர்கள் செய்வது. கடைக்காரரின் கார்டை வாங்கி வையுங்கள், உங்கள் அளவை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். துணியில் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி வந்தால் எனக்கும் உதவி, பின்னால் கிழிந்தால் ஒட்டுப்போட அதே துணி இருக்கும்.